விம்பிள்டன் வாசற்படியும் சமாரியரின் கல்லெழுத்தும்

சென்ற ஒக்ரோபரில் நான் போக நினைத்திருந்த இடம் வேறு. பாலஸ்தீனத்தில் நப்லஸ் நகருக்கு மேலே நிற்கும் கெரிசீம் மலையையும், அதைச் சுற்றியுள்ள குன்றுகளில் கிடக்கும் சமாரியத் தொழுகைக்கூடங்களின் இடிபாடுகளையும் பார்ப்பதற்காக இரண்டு வருடமாகக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். கடைசியில் பயணக் காப்புறுதி தர ஒருவரும் ஆயத்தமாக இல்லை. காப்புறுதி இல்லாமல் போகிற வயதையும் துணிச்சலையும் நான் கடந்துவிட்டேன். ஆனால் கவுன்சில் அலுவலகத்தில் ஒரு கிழமை லீவு எடுத்தாயிற்று. அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. ஹவுன்ஸ்லோவில் என் வீட்டிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய தூரத்தில் சமாரியர் சம்பந்தமாக ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. மத்திய லண்டனில் ஒரு சிறிய ஆய்வுச் சேகரிப்பு. முன்கூட்டி எழுதிக் கேட்டால் பார்க்க விடுவார்கள். வாசிக்கும் அறையில் ஆறு கதிரைகள்தான் என்பதால் இணையத்தில் பெயர் போட வேண்டாம் என்று பொறுப்பாளர் கேட்டுக்கொண்டார். உண்மையிலேயே போக நினைப்பவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள்.

சமாரியர் யார் என்று கேட்பவர்களுக்கு இரண்டு வரி. யூதர்களோடு ஒரே வேரிலிருந்து வந்து, எருசலேமை ஏற்காமல் கெரிசீம் மலையைப் புனிதமாகக் கொண்ட மக்கள். இன்று ஆயிரம் பேருக்கும் குறைவு. அவர்களுடைய பழைய தொழுகைக்கூடங்களில் பல நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. நிலத்தில் வண்ணக்கல் பதித்துக் கதவும் திரையும் விளக்கும் வரைந்தார்கள், மனித உருவமோ மிருக உருவமோ வரையவில்லை. கல்லில் தங்களுக்கென்று ஒரு பழைய எழுத்தில் எழுதினார்கள். நான் பார்க்க விரும்பியது அந்த எழுத்தைத்தான். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தபோது கல்வெட்டியல் எனக்கு ஒரு பாடம். அதற்குப் பிறகு அதை வைத்து நான் ஒன்றும் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒக்ரோபர் 14, செவ்வாய்க்கிழமை. ஹவுன்ஸ்லோ ஈஸ்ற் நிலையத்தில் காலை 9.42க்கு பிக்கடில்லி லைன் ரயில். ஒன்பதரைக்கு முன்னால் ஏறாதீர்கள், கட்டணம் கூடும். எனக்கு 3 பவுண்ட் 40 பென்ஸ் கழிந்தது. மாறத் தேவையில்லை, ஏறத்தாழ இருபது கிலோமீற்றர், 10.34க்கு ரசல் ஸ்குவேயர். அங்கே லிப்டுக்குக் கூட்டம் நின்றால் பொறுமையாக நில்லுங்கள். சுழல்படி 175 படிகள். முழங்கால் நோவு உள்ளவள் எழுதுகிறேன், நம்பலாம்.

சேகரிப்பு அங்கிருந்து எட்டு நிமிட நடை. மணியடித்தால்தான் கதவு திறக்கும். பையையும் பேனாவையும் வெளியே வைக்கச் சொல்லி ஒரு பென்சில் தந்தார்கள். அனுமதிக் கட்டணம் கிடையாது. பொறுப்பாளர் முப்பது வயது மதிக்கத்தக்க ஸ்கொட்லாந்துப் பெண். பேச்சு குறைவு, அது எனக்குப் பிடித்திருந்தது. பதினொரு மணிக்கு என் முன்னால் ஒரு பெரிய தட்டையான பெட்டியைத் திறந்து வைத்தார்.

உள்ளே கல் இல்லை. கடதாசி இருந்தது. நம்மவர்கள் கல்வெட்டில் மை பூசி மைப்படி எடுப்பார்கள். இதை எடுத்தவர்கள் மை இல்லாமல், ஈரக் கடதாசியை எழுத்தின் மேல் வைத்துத் தூரிகையால் அடித்து, காய்ந்ததும் உரித்து எடுத்திருந்தார்கள். வெறும் வெள்ளைக் கடதாசி. மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. பொறுப்பாளர் அறை விளக்கை அணைத்துவிட்டு, மேசை விளக்கைப் பக்கவாட்டில் சரித்து வைத்தார். மூன்று வரி எழுத்து எழும்பி வந்தது.

"இது ஒரு தொழுகைக்கூடத்தின் வாசலுக்கு மேலே இருந்த கல்" என்றார். "வருகிறவர்களுக்கும் போகிறவர்களுக்கும் ஆசி. கல் இப்போது எங்கே என்று தெரியாது. இந்தக் கடதாசிதான் மிச்சம்."

"கூடம் இடிந்த பிறகும் கல் எப்படித் தப்பியது?"

"பின்னால் வந்தவர்கள் ஒரு சுவரில் தலைகீழாக வைத்துக் கட்டியிருந்தார்கள். பல கற்கள் அப்படித்தான் தப்பின. வாசிக்கத் தெரியாதவர்கள் நல்ல கட்டுக்கல் என்று பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்."

நான் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பல் வைத்த சீப்பைப் போல ஓர் எழுத்து. அது இரண்டு இடத்தில் வந்தது. ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் ஒரு புள்ளி, துளைபோட்டது போல வட்டமாக, எழுத்தைவிட ஆழமாக இருந்தது. சொல்லையும் சொல்லையும் பிரிப்பதற்காக அவர்கள் வைக்கும் புள்ளி அது என்று பொறுப்பாளர் சொன்னார். அந்த விளக்கம் எனக்குப் புதிது. ஆனால் அந்தப் புள்ளியை நான் முன்பே பார்த்திருந்தேன்.

எங்கே என்று ஞாபகம் வர ஒரு நிமிடம் எடுத்தது. வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

2011இல் குலம் அண்ணையும் தேவி அக்காவும் விம்பிள்டனில் வீடு வாங்கினார்கள். ஜேர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்தவர்கள். அண்ணை மாபிள், டைல்ஸ் பதிக்கும் வேலை. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவர்களுடைய பழைய பிளாட்டில் ஓர் அறையில் ஒன்றரை வருடம் இருந்தவள். புது வீட்டுக் குடிபூரலுக்குப் பால் காய்ச்சிய அன்று போயிருந்தேன். முன்கதவுக்குக் கீழே படியாகப் போட்டிருந்தது ஒரு நீளமான மஞ்சள் வெள்ளைக் கல். அதில் மூன்று வரி எழுத்து. பல் வைத்த எழுத்துகள், வட்டமான புள்ளிகள்.

"இதை மிதிச்சுக்கொண்டு எப்பிடி வீட்டுக்குள்ள போறது? எழுத்தெல்லோ" என்றார் தேவி அக்கா.

கடதாசியில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறவர் அவர். நான் குனிந்து பார்த்தேன். ஒரு நிமிடம் பார்த்திருப்பேன்.

"அக்கா, இது வெள்ளைக்காரர் தோட்டத்துக்குச் செய்த சோடினை. நூறு வருசம்கூட இராது."

"வீட்டை வித்த கிழவியின்ர தகப்பன் பாலஸ்தீனத்தில பொலிசில இருந்தவராம், அங்கயிருந்து கொண்டு வந்ததாம் எண்டு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னவர்" என்றார் அண்ணை.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்."

"எந்தப் பாஷையெண்டாலும் எழுத்து எழுத்துத்தானே" என்றார் அக்கா. "கவிட்டுப் போடுவமோ?"

அதற்கு நான் சொன்ன பதில் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. கெட்டித்தனமாகச் சொன்னதாக அன்று நினைத்ததால் மனதில் நின்றுவிட்டது.

"கவிட்டா மட்டும் எழுத்து எங்க போகும்? அதுக்கு மேலதானே நடப்பியள்? நம்பிறதெண்டா ஒழுங்கா நம்புங்கோ. தேய்ச்சு விட்டியளெண்டா எழுத்துமில்லை, பாவமுமில்லை."

அண்ணை சிரித்தார். "புரபெசர் சொன்னாச் சரி."

அன்று என் கையில் கமெரா இருந்தது. பால் பொங்கியதைப் படம் எடுத்தேன். கல்லை எடுக்கவில்லை.

அதன்பிறகு அந்த வீட்டுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். படி எழுத்தில்லாமல் வழவழப்பாகத்தான் இருந்தது. கவிழ்த்தார்களா, தேய்த்தார்களா என்று நான் கேட்டதே இல்லை. அது எனக்கு ஒரு கேள்வியாகவே படவில்லை. இப்போது, அந்த இருட்டறையில், வேறெந்தக் கேள்வியும் எனக்கு இருக்கவில்லை. கவிழ்த்திருந்தால் எழுத்து மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும்.

பொறுப்பாளரிடம் இதைச் சொன்னேன். என் பங்கைச் சொல்லவில்லை, கல்லைப் பற்றி மட்டும் சொன்னேன். அவர் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "படம் எடுத்து அனுப்புங்கள். எழுத்து இருந்தால் நானே வருகிறேன்" என்றார்.

ஒரு மணி வரை நேரம் ஒதுக்கியிருந்தார்கள். நான் 12.40க்கே வெளியே வந்து தேவி அக்காவுக்குப் போன் எடுத்தேன். "வாங்கோ, வாங்கோ, அண்ணை இடுப்பு நாரி நோவெண்டு இண்டைக்கு வேலைக்குப் போகேல்லை, ரெண்டு பேரும் நிக்கிறம்" என்றார். போனிலேயே கேட்டிருக்கலாம். கேட்காமல் வைத்துவிட்டேன்.

12.55க்கு ரசல் ஸ்குவேயரில் ஏறி, ஏர்ள்ஸ் கோர்ட்டில் டிஸ்ரிக்ற் லைனுக்கு மாறினால் விம்பிள்டன். டிஸ்ரிக்ற் லைன் ரயில்கள் வெவ்வேறு திசைக்குப் பிரியும், மேடையில் உள்ள பலகையைப் பார்த்து ஏறுங்கள். பட்னி பாலத்துக்குப் பக்கத்தில் ரயில் ஆற்றின் மேலே போகும்போது இடது வலது இரண்டு பக்கமும் நல்ல காட்சி என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அன்று நான் பார்க்கவில்லை. அக்கா பிடிவாதக்காரி, அண்ணை அவர் சொல் தட்டாதவர், நிச்சயம் கவிழ்த்துத்தான் போட்டிருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். 13.52க்கு விம்பிள்டன். அங்கிருந்து 1.6 கிலோமீற்றர் நடை, 22 நிமிடம். பஸ்சில் போனால் 1 பவுண்ட் 75.

படலையைத் திறந்ததும் அண்ணை கதவடியில் நின்றார்.

"வாங்கோ புரபெசர். இண்டைக்கு எந்தக் கல்லைப் பாத்திட்டு வாறியள்?"

"உங்கட வாசல் கல்லைத்தான் பாக்க வந்தனான், அண்ணை."

பகிடி என்று நினைத்துச் சிரித்தார். உள்ளே தேத்தண்ணி வந்த பிறகு நடந்ததைச் சொன்னேன். அந்த எழுத்து ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்தியதாக இருக்கலாம் என்றும், அன்று நான் அவசரப்பட்டுவிட்டேன் என்றும் சொன்னேன். தேவி அக்காவின் முகம் மலர்ந்தது.

"பாத்தியளே! நான் அண்டைக்கே சொன்னனான். அது பத்திரமாக் கிடக்கு, பயப்பிடாதேங்கோ. குடிபூரலுக்கு அடுத்த கிழமையே இவர் கவிட்டுப் போட்டவர். நான் கோயிலுக்குப் போட்டு வர, வேலை முடிஞ்சுது."

எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கத் தேத்தண்ணியைக் குடித்தேன்.

"அப்ப தூக்கிப் பாப்பம்" என்று எழும்பினார் அக்கா. "கல்லைக் கிளப்ப அலவாங்கு ஷெட்டுக்க கிடக்கு. இஞ்சருங்கோ, எடுத்து வாங்கோ. நாரி நோகுதெண்டா நானும் இவவும் பிடிக்கிறம்."

அண்ணை பின்பக்கம் போனார். நாங்கள் இருவரும் வாசலுக்கு வந்து நின்றோம். ஐந்து நிமிடம் போனது. "ஷெட்டுக்க நித்திரையோ?" என்று அக்கா உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். அண்ணை வந்தார். கையில் அலவாங்கு இல்லை.

"தேவி, தூக்கத் தேவையில்லை."

"ஏன்?"

"கீழ ஒண்டுமில்லை. தேய்ச்சனான்."

அக்கா அவரைப் பார்த்தார், பிறகு கல்லைப் பார்த்தார்.

"கவிட்டதெண்டு சொன்னியள்."

"சொன்னனான். புரபெசர் சொன்னது எனக்குச் சரியாப் பட்டது. கீழ போனாலும் மிதிக்கிறதுதானே. உனக்குத் தேய்ச்சதெண்டு சொன்னா எழுத்தை அழிச்சிட்டன் எண்டு அழுவாய். அதால கவிட்டதெண்டு விட்டிட்டன்."

"பதினாலு வருசமா?"

"நீ நிம்மதியா இருந்தாய்தானே."

தெருவில் ஒரு கவுன்சில் குப்பை லொறி நின்று, எடுத்துப் போனது. அண்ணை என்னைப் பார்த்துத்தான் மிச்சத்தைச் சொன்னார். கல் தேய்க்கும் கிறைண்டர் போட்டு அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை, மெத்தெண்ட கல்லு. தூசி றோசா மரத்தில் எல்லாம் வெள்ளையாகப் படிந்தது, பைப்பால் அடித்துக் கழுவினார்.

"வெட்டினவன் கெட்டிக்காரன், தங்கச்சி. எழுத்தெல்லாம் ஒரே ஆழம். எங்கட வேலையில அது லேசில்லை. தேய்க்கேக்க எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனா நீங்கள் படிச்ச ஆள்."

அத்தனை வருடத்தில் அவர் என்னைப் புரபெசர் என்று கூப்பிடாமல் தங்கச்சி என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அக்கா விடவில்லை. "உங்களில பிழையில்லை. நீங்கள் கேட்டதுக்குப் பதில் சொன்னீங்கள். பொய் சொன்னது இவர்." அவர் என்னைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

படம் ஏதாவது இருக்குமா என்று குடிபூரல் அல்பத்தை எடுத்து வந்தார். வாசலில் எடுத்த படங்கள் பதினொன்று. பதினொன்றிலும் கல்லின் மேல் ஒரு பச்சைப் பாய் விரித்திருந்தது. வருகிறவர்களின் கால் எழுத்தில் படக்கூடாது என்று காலையிலேயே அக்கா விரித்து வைத்த பாய். எனக்குக் காட்டுவதற்காக மட்டும் ஒருமுறை அதைச் சுருட்டியிருக்கிறார்.

கல்லை அளந்தோம். நீளம் 94 சென்ரிமீற்றர், அகலம் 38, தெரிகிற கனம் 11. மூன்று மணிக்கு மேல் வெயில் சரிந்து வந்தபோது நான் முழங்காலில் இருந்து, பொறுப்பாளர் விளக்கை வைத்தது போலக் கன்னத்தைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வழவழப்பு மட்டும் தெரிந்தது. அண்ணை குனிய முடியாமல் குனிந்து, இடது மூலையில் விரலை வைத்தார்.

"இது போகேல்லை. இன்னும் இறக்கினா மூலை உடைஞ்சிடும் எண்டு விட்டனான்."

அரிசி அளவில் ஒரு குழி. சொல்லைப் பிரிக்கும் புள்ளியாக இருக்கலாம், மழை தின்ற பள்ளமாகவும் இருக்கலாம். படம் எடுத்தேன், பதினாறு படம்.

திரும்பும்போது விம்பிள்டனிலிருந்து கிளப்பம் ஜங்ஷன், அங்கிருந்து ஹவுன்ஸ்லோ. மத்திய லண்டனுக்குள் போகத் தேவையில்லை. அன்றைய ரயில் செலவு எல்லாம் சேர்த்துப் பத்துப் பவுண்டைத் தாண்டவில்லை.

இதே பயணம் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மூன்று கிழமைக்கு முன்பே எழுதுங்கள். எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று குறிப்பாகச் சொல்லுங்கள், 'சும்மா பார்க்க' என்றால் பதில் வராது. சிறிய டோர்ச் கொண்டுபோகலாம், தொடுவதற்கு விடமாட்டார்கள். கெரிசீம் பக்கம் போக முடியாதவர்களுக்குக் கிரேக்கத்தின் டெலோஸ் தீவு இருக்கிறது. அங்கே சமாரியர் வைத்த கல்லெழுத்துகள் கிடைத்திருக்கின்றன. பக்கத்தில் உள்ள கூடம் அவர்களுடையதா யூதர்களுடையதா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அந்த நிச்சயமின்மையை முன்பு நான் கேலியாகப் பார்த்ததுண்டு. இந்த நகரில் பழைய வீடு வாங்குகிறவர்கள் தோட்டத்திலோ படியிலோ எழுத்துள்ள கல்லைக் கண்டால், யாரையும் கேட்பதற்கு முன்னால் படம் எடுங்கள். கேட்பதென்றால் ஒருவரிடம் மட்டும் கேட்காதீர்கள். நாலு புத்தகம் படித்துவிட்டு உடனே பதில் சொல்கிற ஆளாக இருந்தால் கட்டாயம் இன்னொருவரிடமும் கேளுங்கள்.

நான்கு நாள் கழித்துப் பொறுப்பாளரின் பதில் வந்தது. ஒரு புள்ளியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று எழுதியிருந்தார். கல்லின் அளவும் நிறமும் அத்தகைய வாசற்கற்களோடு பொருந்துகின்றன, அதற்கு மேல் அவரும் போகவில்லை. ஆனாலும் பதிவில் இருக்கட்டும் என்று ஒரு படிவம் அனுப்பியிருந்தார். கல் இருக்கும் இடம், அளவு, முன்னைய உரிமையாளர் பற்றிய தகவல். கடைசிக்கு முந்திய கட்டத்தில், எழுத்து அழிந்திருந்தால் எப்போது, யாரால், எதனால்.

விபரம் கேட்க அண்ணைக்குப் போன் எடுத்தேன். "என்ர பேரைப் போடுங்கோ" என்றார். "கிறைண்டர் என்ர கையிலதானே இருந்தது." பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "பொய் சொன்னதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கோ." அவர்கள் இருவரும் பழையபடி கதைக்கிறார்கள் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

படிவத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். 'அறியாமையால்' என்று முதலில் எழுதினேன். அது பொய். எனக்குத் தெரியாது என்பது அன்று எனக்குத் தெரியும். மூன்றாவது தாளில் 2011 என்று எழுதி, என் முழுப் பெயரை எழுதி, காரணம் என்ற இடத்தில் 'வீட்டுக்காரர் கவிழ்த்து வைக்கக் கேட்டார்கள், தேய்க்கச் சொன்னது நான்' என்று எழுதி, வியாழக்கிழமை தபாலில் போட்டேன்.